வர்ணம் பாடும் பிள்ளை ஏ லெவலில் என்ன எடுப்பது? இங்கிலாந்தில் இசைப் பட்டத்துக்கு வழி

லண்டனில் பிள்ளை ஒன்பதாம் ஆண்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வரும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வுக்கு எந்தெந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்கும் தாள். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் எல்லாருக்கும் உண்டு. மிச்சம் மூன்றோ நான்கோ பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இரண்டு கிழமை சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. மகள் ஆறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவள். இசை என்ற கட்டத்தில் பென்சிலால் புள்ளடி போட்டாள். அவளுடைய மாமா தொலைபேசியில், "பாட்டுத்தானே, அதைச் சனிக்கிழமை படிக்கிறாள்தானே. பள்ளிக்கூடத்தில கம்பியூட்டர் எடுக்கச் சொல்லு" என்றார். நான் புள்ளடியை அழித்தேன். அவள் திரும்பப் போட்டாள்.

அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் இசைதான் படிக்கிறாள். இடையில் நாங்கள் விட்ட பிழைகள் கொஞ்சமில்லை. பிறகு தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்காகவும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்திருக்கிறேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் ஹையர் என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது.

முதலில் பட்டத்தைப் பாருங்கள், பாடத்தை அப்புறம் பார்க்கலாம்

இசைப் பட்டம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. மூன்றும் பள்ளிக்கூடத்தில் மூன்று விதமான தயாரிப்பைக் கேட்கும்.

ஒன்று, பல்கலைக்கழகத்து இசைத் துறை. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டரம், லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்கள். இங்கே இசையின் வரலாறு, பகுப்பாய்வு, இசையமைப்பு, உலக இசைகளின் ஆய்வு எல்லாம் உண்டு. வாசிப்பதும் பாடுவதும் அதில் ஒரு பங்குதான். கட்டுரை எழுதத் தெரிய வேண்டும், பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவல் தேர்வில் புள்ளிகளும் நன்றாக இருக்க வேண்டும். நம்முடைய இசையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள் இருப்பதும் இந்த வகை இடங்களில்தான். டரமில் மார்ட்டின் கிளேட்டன் இந்துஸ்தானி இசையின் லயத்தைப் பற்றி எழுதியவர். கிங்ஸ் கல்லூரியில் கேத்தரின் ஸ்கோஃபீல்ட் முகலாயர் காலத்து இசை வரலாற்றைப் பற்றி எழுதியவர்.

இரண்டாவது, கொன்சர்வட்டுவார் எனப்படும் இசைக் கல்லூரிகள். ராயல் அகாடமி, ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், கில்ட்ஹால், டிரினிட்டி லாபன், மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன், பர்மிங்காம் கொன்சர்வட்டுவார் இவையெல்லாம் அந்த வகை. இங்கே எல்லாமே நேரில் வாசித்துக் காட்டுவதில் இருக்கிறது. ராயல் காலேஜ் போன்ற இடங்களில் இரண்டு ஏ லெவல்களில் தேறினாலே போதும் என்ற அளவில்தான் படிப்புத் தகுதியை வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசிப்பில், அதாவது பாடுவதிலோ வாத்தியத்திலோ, கிரேடு 8-ஐ (ஒன்றிலிருந்து எட்டு வரை போகும் இசைத் தேர்வுகளில் கடைசிப் படி) தாண்டி நிற்க வேண்டும்.

மூன்றாவது, ஒலிப்பதிவும் தொழில்நுட்பமும் சார்ந்த பட்டங்கள். சரே பல்கலைக்கழகத்தின் டோன்மைஸ்டர் படிப்பு இதில் பேர் பெற்றது. 1970-லிருந்து நடக்கிறது. இந்த வகைப் படிப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கணிதம் வேண்டும், இயற்பியலும் இருந்தால் நல்லது.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இந்த மூன்றில் எது என்று கேட்டால் என்ன சொல்லும்? தோளைத்தான் குலுக்கும். பரவாயில்லை. ஆனால் அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் எடுக்கும் மூன்று பாடங்களும் இந்தப் பிரிவைப் பொறுத்துத்தான்.

ஒன்பதாம் ஆண்டு: ஜி.சி.எஸ்.இ. இசை

எடுங்கள். அது இல்லாமலும் ஏ லெவலில் இசை எடுக்க முடியும். ஆனால் அப்போது கிரேடு 5 அளவுக்கு வாசிப்பும் கோட்பாடும் இருக்கிறது என்று ஆசிரியரிடம் காட்டிச் சம்மதிக்க வைக்க வேண்டும். இரண்டு வருடம் சும்மா கிடைக்கிற பயிற்சியை ஏன் விட வேண்டும்?

எந்தத் தேர்வு வாரியம் என்றாலும் ஜி.சி.எஸ்.இ. இசையின் அமைப்பு ஒன்றுதான். வாசிப்புக்கு 30 சதவீதம், இசையமைப்புக்கு 30, கேட்டு எழுதும் தேர்வுக்கு 40. வாசிப்பில் தனியாக ஒன்று, இன்னொருவருடன் சேர்ந்து ஒன்று. இரண்டும் சேர்ந்து நான்கு நிமிடமாவது வர வேண்டும். சேர்ந்து வாசிப்பதில் நம் ஆட்கள் ஒரு பிழை விடுவார்கள். சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுப் பாடுவது சேர்ந்திசை ஆகாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உயிரோடு உட்கார்ந்து தன் பங்கை வாசிக்க வேண்டும். வயலினோ மிருதங்கமோ படிக்கிற பிள்ளை ஒன்றைப் பிடித்து முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள். அது தேர்வு விதிக்குள் வருமா என்று பள்ளி ஆசிரியரை வாரியத்திடம் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

வாரியத்தைத் தெரிவு செய்வது பள்ளிக்கூடம், நாங்கள் அல்ல. இருந்தாலும் கேட்டு வையுங்கள். ஓ.சி.ஆர். வாரியத்தின் ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் உலகத் தாளங்கள் என்ற பகுதியில் இந்தியச் செவ்வியல் இசையும் பஞ்சாபின் பாங்க்ராவும் இருக்கின்றன. வகுப்பில் எல்லாரும் முழிக்கிற நேரத்தில் தாளம் என்றால் என்ன என்று எங்கள் பிள்ளை எழுந்து சொல்லலாம். அந்த ஒரு கிழமை சந்தோஷத்துக்காக வாரியத்தை மாற்றவா முடியும், முடியாது. தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

தொல்லை வேறு இடத்தில் வரும். பள்ளிக்கூடங்கள் பாடங்களை நிரைகளாகப் பிரித்து, ஒரு நிரையில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று சொல்லும். என் மகளின் பள்ளியில் இசையும் கணினியும் ஒரே நிரையில் வந்தன. மாமாவுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. நான் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு நேரில் போய்க் கேட்டபோதுதான், இன்னும் நான்கு பெற்றோர் இதையே கேட்டதால் நிரையை மாற்றப் போகிறோம் என்றார்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன்னமே கேட்டால் மாற்ற இடமிருக்கும். பிறகு கேட்டால் கால அட்டவணை முடிந்துவிட்டது என்பார்கள், அதுவும் உண்மைதான்.

நம் பிள்ளைகளிடம் இருக்கிற ஓட்டை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அடிபட்டது இங்கேதான்.

மகள் பத்தாம் ஆண்டில் எழுதிய முதல் கேட்டெழுதும் தேர்வில் வகுப்பிலேயே கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள். வீட்டில் யாருக்கும் நம்ப முடியவில்லை. பைரவியில் அட தாள வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடுகிற பிள்ளை. காதில் குறையில்லை, தாளத்தில் குறையில்லை. விஷயம் என்னவென்றால், தாளில் இருந்த ஐந்து கோட்டுக் குறிப்பை அவளால் வாசிக்க முடியவில்லை. மேல் வரிசையை விரல் விட்டு எண்ணி எண்ணி வாசித்தாள். கீழே பாஸ் கிளெஃப் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான குறியீடு) வந்ததும் நின்றுவிட்டாள்.

எங்கள் சங்கீதத்தில் ஸ என்பது பாடுகிறவரின் சுருதி. நான்கு கட்டையிலும் ஸ, ஐந்து கட்டையிலும் ஸ. மேற்கத்தியக் குறிப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிலையான சுருதி இருக்கிறது, அது யாருக்காகவும் நகராது. இந்த ஒரு மாற்றம் மண்டைக்குள் இறங்க ஆறு மாதமாவது ஆகும். அதைப் பதினைந்து வயதில் தொடங்குவதை விட பதினொன்றில் தொடங்குவது எவ்வளவோ சுகம்.

இரண்டாவது ஓட்டை ஹார்மனி. எங்களிடம் ராகம் கிடைக்கோட்டில் ஓடுகிறது, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம். அங்கே நான்கு குரல் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். ஏ லெவலில் பாஹ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கோரல் (நான்கு குரலில் பாடும் தேவாலயப் பாட்டு) ஒன்றின் மேல்குரலைக் கொடுத்து மற்ற மூன்று குரலையும் எழுது என்பது சில வாரியங்களில் இசையமைப்புப் பகுதியில் தெரிவு செய்யக்கூடிய வேலை. இதற்குக் கர்நாடக சங்கீதம் ஒரு உதவியும் செய்யாது. பியானோ அல்லது கீபோர்டில் விரலை வைத்துப் பழகிய பிள்ளைக்குத்தான் கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்கும். பெரிய பியானோ வேண்டாம். பழைய கீபோர்ட் ஒன்றும் கிழமைக்கு அரை மணி நேர வகுப்பும் இரண்டு வருடத்துக்குப் போதும்.

வீட்டில் இதை எப்படித் தொடங்கினோம் என்று சொல்கிறேன். தெரிந்த ராகத்தைத் தெரியாத பேரோடு சேர்த்தோம். சங்கராபரணத்தின் ஆரோகணமும் அவரோகணமும் அவர்களின் மேஜர் ஸ்கேல். நடபைரவி அவர்களின் இயற்கை மைனர். கீரவாணி ஹார்மானிக் மைனர். கரஹரப்ரியா டோரியன், ஹரிகாம்போஜி மிக்ஸோலிடியன், கல்யாணி லிடியன், தோடி ஃப்ரிஜியன். கமகத்தைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்வரத்தை வாசித்தால்தான் இந்தப் பொருத்தம். கமகம் இல்லாத தோடி தோடியே இல்லை என்று பாட்டு டீச்சர் கோபித்தார், அது வேறு கதை. ஆனால் ஏழு புதுப் பேர்களை ஒரே மாலையில் பிள்ளை பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் ஸ க ப மூன்றையும் ஒன்றாக அழுத்தி, இதுதான் மேஜர் கோர்ட் என்று காட்டினோம். தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை நான்குக்கு நான்கில் (4/4) இரண்டு பார், அதாவது இரண்டு சுற்று. மிஸ்ர சாபு ஏழுக்கு எட்டு (7/8). ஏழுக்கு எட்டு என்றால் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், எங்கள் பிள்ளை தகிட தகதிமி என்று தொடையில் தட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இதற்கெல்லாம் ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இசைத் தேர்வு அமைப்பின் கோட்பாட்டுத் தேர்வில் கிரேடு 5. ஒன்றிலிருந்து ஐந்து வரையான கோட்பாட்டுத் தேர்வுகளை இப்போது இணையத்திலேயே எழுதலாம். பத்தாம் ஆண்டு முடிவதற்குள் இதை முடித்துவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் வாசிப்புக்குக் கிரேடு 6-ஐயோ அதற்கு மேலோ எடுக்க வேண்டுமென்றால் கோட்பாட்டில் கிரேடு 5 அல்லது அதற்கு ஈடான ஒன்று கையில் இருக்க வேண்டும். டிரினிட்டி என்ற இன்னொரு அமைப்பின் தேர்வுகளில் இந்த நிபந்தனை கிடையாது.

பதினோராம் ஆண்டு: மூன்று பாடம்

ஏ லெவலில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று பாடம்தான் எடுப்பார்கள். ஒன்று இசை என்றால் மிச்சம் இரண்டு. வீட்டில் சண்டை வருவது இங்கேதான்.

பழைய பட்டியல் ஒன்று இன்னமும் எங்கள் ஆட்களின் வாயில் ஓடுகிறது. ரஸ்ஸல் குழுமம் என்ற கூட்டமைப்பில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் கணிதம், இயற்பியல், வரலாறு என்று சில பாடங்களைக் கதவு திறக்கும் பாடங்களாகச் சொல்லி வைத்திருந்தன. இசை அதில் இல்லை. அந்தப் பட்டியலை அவர்களே 2019-ல் கைவிட்டுவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாராவது உங்களிடம் அந்தப் பட்டியலைச் சொன்னால், ஓம் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

டாக்டர் கனவு இருக்கிற வீடுகளுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்புக்குப் பெரும்பாலான இடங்கள் கேட்பது வேதியியலும் உயிரியலும். மூன்றாவது பாடம் பெரும்பாலும் பிள்ளையின் விருப்பம். ஆகவே வேதியியல், உயிரியல், இசை என்று எடுத்த பிள்ளைக்கு மருத்துவக் கதவும் மூடவில்லை, இசைக் கதவும் மூடவில்லை. பொறியியல் நினைப்பவர்களுக்குக் கணிதம், இயற்பியல், இசை. இதே கூட்டணி டோன்மைஸ்டர் பக்கமும் போகும். பதினாறு வயதில் முடிவு எடுக்க முடியாத பிள்ளைக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் நான் சொல்லும் வழி. மூன்றில் ஒரு இடத்தை இசைக்குக் கொடுப்பதால் எதிர்காலம் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. சேர்க்கைத் தகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்த பிறகுதான் அது போனது.

இசைதான் என்று முடிவெடுத்த பிள்ளைக்கு என்ன சேர்ப்பது? பல்கலைக்கழகத் துறைக்குப் போவதென்றால் கட்டுரை எழுதும் பாடம் ஒன்று, வரலாறோ ஆங்கில இலக்கியமோ. ஏ லெவல் இசையிலேயே கட்டுரை வரும், பல்கலைக்கழகத்தில் கிழமைக்கு ஒன்று வரும். வாய்ப்பாட்டுக்காரருக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் இவற்றில் ஒரு மொழி. மேற்கத்தியப் பாட்டில் முக்கால்வாசி இந்த மொழிகளில்தான். என் மகள் வரலாறும் கணிதமும் எடுத்தாள். கணிதம் எதற்கு என்று கேட்டால் அதற்குக் காரணம் மாமா. அவளுக்கு அது பிடித்தும் போனது.

ஏ லெவல் இசையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். கேட்டுப் பகுப்பாய்வு செய்யும் எழுத்துத் தேர்வுக்கு 40 சதவீதம், மிச்சம் 60 வாசிப்புக்கும் இசையமைப்புக்கும் போகும். எடெக்ஸெல் வாரியம் இரண்டுக்கும் முப்பது முப்பதாகக் கொடுக்கிறது. ஏ.க்யூ.ஏ.வில் வாசிப்புக்கு 35, இசையமைப்புக்கு 25. எட்யூகாஸிலும் ஓ.சி.ஆரிலும் எதை 35 ஆக்குவது என்று பிள்ளையே தெரிவு செய்யலாம். நன்றாகப் பாடுகிற, எழுதத் தடுமாறுகிற பிள்ளைக்கு இந்த ஐந்து பத்துச் சதவீதம் ஒரு தரத்தையே மாற்றும். சிக்ஸ்த் ஃபார்ம் (ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு ஆண்டு) தேடும்போது எந்த வாரியம் என்று கேட்பது இதற்காகத்தான். ஏ.க்யூ.ஏ. என்றால் 1650 முதல் 1910 வரையான மேற்கத்திய மரபு கட்டாயம். பரோக் கொன்செர்ட்டோவும் மொஸார்ட்டின் ஒபெராவும் ஷோபானின் பியானோவும் வரும். பிள்ளை அதைக் கேட்டே இருக்காது என்றால் கோடை விடுமுறையிலேயே கேட்கத் தொடங்கட்டும். பதினோராம் ஆண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் வரை நீண்ட விடுமுறை அது.

வாசிப்புத் தேர்வில் எங்கள் இசையைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். எழுதிய குறிப்பு இல்லாத இசைக்கு, நிபுணர் ஒருவரின் ஒலிப்பதிவையோ விரிவான எழுத்து விளக்கத்தையோ இணைத்துக் கொடுக்கும் வழியை வாரியங்கள் வைத்திருக்கின்றன. எடெக்ஸெல் ஏ லெவலில் எட்டு நிமிடமாவது, ஏ.க்யூ.ஏ.வில் பத்து நிமிடமாவது வர வேண்டும். கடினத்தின் அளவு கிரேடு 7-ஐ ஒட்டியது. ஒரு கீர்த்தனையும் அதில் நிரவலும் கல்பனா ஸ்வரமும் பாடினால் பத்து நிமிடம் தாராளமாக வரும். ஆனால் விளக்கத்தை ஆசிரியர் எழுதிவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள். எங்கே கற்பனை தொடங்குகிறது, எது இயற்றப்பட்டது, எந்த இடத்தில் ஸ்வரம் எடுப்புக்குத் திரும்புகிறது என்று நிமிடக் கணக்கோடு ஒரு பக்கம் எழுதுங்கள். ராகம் தெரியாத தேர்வாளர் ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். பாட்டு டீச்சரையும் பள்ளி ஆசிரியரையும் ஒரு தடவையாவது நேரில் சந்திக்க வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தேநீரோடு அந்தச் சந்திப்பு நடந்தது. இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் எழும்பவே இல்லை.

இசையமைப்பிலும் எங்கள் சரக்கு செல்லும். ஒரு கோர்வையை, அதாவது தாளக் கணக்கில் அமைந்த முடிப்பை, எடுத்து, அதன் கணக்கை மூன்று தடவை வெவ்வேறு வாத்தியத்தில் சுருக்கிக்கொண்டே வருவது அவர்கள் வளர்ச்சி என்று சொல்லும் அதே விஷயம்தான். அதைக் குறிப்பில் எழுதத் தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி.

மியூசிக் டெக்னாலஜியும் பீடெக்கும்

மியூசிக் டெக்னாலஜி ஏ லெவலை எடெக்ஸெல் மட்டும்தான் நடத்துகிறது. பதிவு செய்வது, கணினியில் இசையமைப்பது, பதிவுகளைக் கேட்டு ஆராய்வது என்று அது வேறு ஒரு பாடம். இசைக்குப் பதிலாக அதை எடுத்தால் பழைய பாணி இசைத் துறைகளில் பல ஏற்காது. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம், ஆனால் மூன்றில் இரண்டு போய்விடும். ஒலிப்பதிவுதான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் சரி.

பீடெக் என்பது ஊரில் சொல்கிற பி.டெக் பொறியியல் பட்டம் அல்ல. பதினாறுக்குப் பிறகு படிக்கும் செய்முறை சார்ந்த தகுதி. பாப், ராக், தயாரிப்பு சார்ந்த பட்டங்களுக்கு நன்றாகவே போகும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் வகைக்கு உதவாது.

கிரேடுகளும் யூகாஸ் புள்ளிகளும்

வாசிப்பில் கிரேடு 6, 7, 8-க்கு யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களை நடத்தும் அமைப்பு) புள்ளிகள் உண்டு. கிரேடு 8-ல் சாதாரணத் தேர்ச்சிக்கு 18, மெரிட்டுக்கு 24, டிஸ்டிங்ஷனுக்கு 30. ஏ லெவலில் ஒரு சி 32 என்பதோடு ஒப்பிட்டால் 30 எவ்வளவு பெரிது என்று தெரியும். ஆனால் உயர்ந்த இடங்களில் பல புள்ளிக் கணக்கே பார்ப்பதில்லை. மூன்று ஏ, அல்லது இரண்டு ஏ ஒரு பி என்று தரத்தைத்தான் கேட்கும். அங்கே கிரேடு 8 சான்றிதழ் உங்கள் திறமைக்குச் சாட்சியே தவிர, குறைந்த தரத்தை ஈடு செய்யாது.

ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் கர்நாடக வாய்ப்பாட்டுக்கோ வீணைக்கோ மிருதங்கத்துக்கோ தேர்வு கிடையாது. லண்டனில் எங்கள் பிள்ளைகள் எழுதுகிற சங்கீதத் தேர்வுகளின் சான்றிதழ்கள் வீட்டில் ஒரு கோப்பு நிறைய இருக்கும். யூகாஸ் தளத்தில் புள்ளிக் கணிப்பான் இருக்கிறது. உங்கள் சான்றிதழின் பேர் அதில் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வராவிட்டால் அது வீண் என்று அர்த்தமில்லை, தனிக்கூற்றில் எழுதலாம், ஆசிரியர் பரிந்துரையில் வரச் செய்யலாம். ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். கர்நாடக வயலின் படிக்கிற பிள்ளைக்கு மேற்கத்திய வயலினையும் கூடவே தொடங்குவது நல்ல வழி, பிடிக்கிற விதமும் உட்காருகிற விதமும் வேறு என்றாலும் காதும் விரலும் ஏற்கெனவே பழகியிருக்கும். பாடுகிறவர்களுக்குக் கீபோர்ட்.

நீட்டிப்புத் திட்டம் என்ற இ.பி.க்யூ.வையும் கவனியுங்கள். பிள்ளையே தலைப்பைத் தெரிவு செய்து ஏறத்தாழ ஐயாயிரம் சொல்லில் ஒரு ஆய்வு எழுதுவது. ஏ ஸ்டார் வாங்கினால் 28 புள்ளி. கர்நாடக இசைக்குள் வயலின் எப்படி வந்தது என்று மகள் எழுதினாள். பாலுசுவாமி தீட்சிதரில் தொடங்கித் தஞ்சாவூர் வடிவேலு வரை தேடினாள். நேர்முகத்தில் பத்து நிமிடம் அதைப் பற்றியே கேட்டார்களாம்.

பள்ளியில் ஏ லெவல் இசையே இல்லை என்றால்

இது இப்போது அடிக்கடி நடக்கிறது. பிள்ளைகள் குறைவு என்று வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். பெரிய சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளில் இருக்கும், பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து நடத்துவதும் உண்டு. பதினோராம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே திறந்த நாட்களுக்குப் போய், சென்ற வருடம் எத்தனை பேர் இசை எடுத்தார்கள் என்று கேளுங்கள். இரண்டே பேர் என்றால் அடுத்த வருடம் இருக்குமா என்பதும் சேர்ந்த கேள்வி.

வழியே இல்லையென்றால், ஏ லெவல் இசைக்குப் பதிலாகக் கோட்பாட்டில் கிரேடு 7 அல்லது 8-ஐ ஏற்கும் பல்கலைக்கழகங்கள் சில இருக்கின்றன. ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்திலும் இது ஒரு வரியில் எழுதியிருக்கும், அந்த ஒரு வரியைத்தான் தேட வேண்டும். சனிக்கிழமைகளில் ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால், டிரினிட்டி லாபன் ஆகியவற்றின் இளையோர் பிரிவுகள் நடக்கின்றன. தேர்வு வைத்து எடுப்பார்கள், உதவித்தொகையும் உண்டு. கர்நாடகப் பக்கத்துக்கு மேற்குக் கென்சிங்டனில் பாரதிய வித்யா பவன் 1970-களிலிருந்து இருக்கிறது. எங்களுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் இருந்ததால் ஒரு வருடம் மகள் காரிலேயே சாப்பிட்டாள்.

பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டு: நாட்கள்

இங்கே பலர் வழுக்குவார்கள். கொன்சர்வட்டுவார்களுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். யூகாஸ் கொன்சர்வட்டுவார் என்ற தனி வழி அது, ஆறு தெரிவு வரை போடலாம். கில்ட்ஹாலுக்கு நேரடியாக அவர்களிடமே விண்ணப்பிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி, ஐந்து தெரிவு. இரண்டு வழியிலும் ஒரே வருடத்தில் போடலாம். கொன்சர்வட்டுவார்களின் நேரடித் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் நடக்கும், ஆகவே பாடவேண்டியது கோடையிலேயே தயாராக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் நவராத்திரிக் கச்சேரிக்குப் பிள்ளையை ஒப்புக்கொடுக்கும் முன் இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். நாங்கள் குறிக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி இரவில் அவள் ஒரு கோயிலில் பாடிக்கொண்டிருந்தாள், நான் வாகனத் தரிப்பிடத்தில் மடிக்கணினியோடு இருந்தேன்.

பதினாறு வயதில் வந்து இறங்கிய பிள்ளை

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரே வந்து பன்னிரண்டாம் ஆண்டில் சேர்கிற பிள்ளைகளுக்கு ஜி.சி.எஸ்.இ. இருக்காது. இலங்கை சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்திருந்தாலோ, சி.பி.எஸ்.இ.யில் படித்திருந்தாலோ அந்தப் பாடத்திட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் பாடிய காணொளி ஒன்றும் வேண்டும். இசைத் துறைத் தலைவரை நேரில் பார்க்கக் கேளுங்கள், சேர்க்கை அலுவலகத்தோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அலுவலகத்துக்குச் சான்றிதழ் தெரியும், அவருக்குக் காது தெரியும். அவர் கட்டாயம் கேட்பது, குறிப்பு வாசிப்பாயா என்பது. இன்னும் இல்லை, ஆனால் கிரேடு 5 கோட்பாட்டுக்கு இந்தத் தேதியில் பதிந்திருக்கிறேன் என்று பதிவுச் சீட்டைக் காட்டிய ஒரு பையனை எனக்குத் தெரியும். செப்டம்பரில் சேர்த்துக்கொண்டார்கள், கிறிஸ்மஸுக்குள் தேர்வை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நவம்பரிலேயே முடித்துவிட்டான்.